ஆறு ஒபிஸ் லைசன்ஸ் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். கொழுந்து எடுக்கும் வியாபாரிகள், கடைக்காரர்கள், இரண்டு சிறிய தேயிலைத் தொழிற்சாலைகள் என்று பலருக்குச் சம்பளப் பட்டியல், ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., வரிக் கணக்கு எல்லாம் செய்து கொடுக்கிறோம். எட்டுக் கணினி ஓடுகிறது. கொழும்பில் மூடப்போகிற ஒரு கம்பனியிடம் பத்துப் பேருக்கான ஒபிஸ் 2019 லைசன்ஸ் இருக்கிறதாம். அதில் ஆறை, ஒன்று 12,000 ரூபா வீதம் எடுத்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். சாவியை, அதாவது மென்பொருளை இயங்கவைக்கும் இலக்கத்தை, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாராம். இணையத்தில் விண்டோஸ் 11 புரோ சாவி 2,500 ரூபாவுக்கே கிடைக்கிறது. என் தம்பி இதே அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைகிறான். அவனுக்குத் தெரிந்த சேவேயர் ஒருவர், தான் புதிய பதிப்புக்கு மாறிவிட்டதால் பிளான் வரைகிற மென்பொருளான ஓட்டோகேட்டின் பழைய சீடியைத் தருவதாகச் சொல்கிறார். எங்களிடமும் பழைய லெப்டொப் நான்கு கிடக்கின்றன. விண்டோஸ் 10 உடன் வந்த இரண்டு இன்னும் வேலை செய்கின்றன. மற்ற இரண்டும் செத்துப்போய்விட்டன, ஆனால் அடியில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அந்தச் சாவிகளை விற்றுக் காசாக்கலாமா? எது சரி, எது வம்பு என்று சொல்லுங்கள்.
– ஒரு தங்கச்சி, ஹட்டன்

பதில்:

தங்கச்சி, புரோக்கர் அவசரப்படுத்திக்கொண்டிருப்பார் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்கிற விதத்தில் அந்த ஆறு ஒபிஸையும் வாங்காதீர்கள். 2,500 ரூபாச் சாவியின் பக்கமே போகாதீர்கள். சேவேயரின் ஓட்டோகேட் தம்பிக்குச் சரிவராது. வேலை செய்கிற இரண்டு லெப்டொப்பையும் விண்டோஸோடு சேர்த்துத் தாராளமாக விற்கலாம். செத்த இரண்டின் ஸ்டிக்கருக்கு ஒரு சதமும் பெறுமதி இல்லை.

இனிக் காரணங்கள்.

மலிவாக ஏதாவது கிடைக்காதா என்று தேடுவதைக் குறை சொல்ல மாட்டேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 வரை போனது. மாதா மாதம் டொலரில் கட்டுகிற சந்தா ஒரு சிறு வியாபாரத்தை எப்படி நெரிக்கும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், ஒரே தடவை காசு கொடுத்து முடிகிற மாதிரி பாவித்த லைசன்ஸ் ஏதாவது இருக்கிறதா என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

பாவித்த லைசன்ஸை விற்பதும் வாங்குவதும் தன்னளவில் களவு இல்லை. ஐரோப்பாவில் அது பகிரங்கமாக, கடை திறந்து, வரி கட்டி நடக்கிற தொழில். அதற்கு வழி விட்டது ஒரு வழக்கு. ஜேர்மனியில் யூஸ்ட்சொஃப்ட் என்ற கம்பனி, ஒரக்கிள் என்ற மென்பொருள் கம்பனியிடம் மற்றவர்கள் வாங்கிப் பாவிக்காமல் வைத்திருந்த லைசன்ஸ்களை வாங்கி விற்றது. ஒரக்கிள் வழக்குப் போட்டது. 2012 ஜூலை 3ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், கால வரம்பில்லாமல் பாவிக்கும் உரிமையை முழுக் காசும் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனைதான், இணையத்திலிருந்து தரவிறக்கிய பிரதியானாலும் சரி, அதன் பிறகு அந்தப் பிரதி கைமாறுவதை உற்பத்தியாளர் தடுக்க முடியாது என்று தீர்த்தது.

புரோக்கர்மார் இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் ஒப்புவிப்பார்கள். அதே தீர்ப்பில் நிபந்தனைகளும் இருக்கின்றன. விற்கிறவர் தன்னிடம் உள்ள பிரதியை விற்கும் நேரத்திலேயே பாவிக்க முடியாதபடி ஆக்கிவிட வேண்டும். இத்தனை பேர் பாவிக்கலாம் என்று ஒரே கட்டாக வாங்கிய சேர்வர் மென்பொருள் லைசன்ஸைப் பிய்த்து, தனக்கு மிஞ்சிய எண்ணிக்கையை மட்டும் விற்கவும் முடியாது. ஜேர்மனியின் உயர் நீதிமன்றம் 2013இல் இன்னொன்றைத் தெளிவாக்கியது: இந்த நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறின என்று நிரூபிக்கும் பொறுப்பு, அந்த உரிமையைச் சொல்லிக்கொள்கிறவரின் தலையில்தான். 2014இல் தனித்தனிக் கணினியில் ஏற்றுகிற மென்பொருளைக் கட்டிலிருந்து பிரித்து விற்கலாம் என்று அதே நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியது. பிறகு 2016இல் லத்வியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், மூல சீடி பழுதாகிவிட்டது என்பதற்காக அதன் நகல் சீடியை விற்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவும் ஐரோப்பாவுக்குள் முதலில் விற்கப்பட்ட பிரதிகளுக்கு, ஐரோப்பாவுக்குள். ஹட்டனில் இருந்துகொண்டு நீங்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டினால் இங்குள்ள நீதவானை அது கட்டுப்படுத்தாது. ஜேர்மன் கடையொன்றிலிருந்து இணையத்தில் வாங்கினாலும் அந்தப் பாதுகாப்பு பார்சலோடு சேர்ந்து இங்கே வந்து இறங்காது.

கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் கதை தலைகீழ். அதிலும் உங்கள் தம்பியின் விஷயத்துக்கு அச்சொட்டாகப் பொருந்துகிற வழக்கு ஒன்று இருக்கிறது. கட்டடக் கலைஞர்களின் நிறுவனம் ஒன்று ஓட்டோகேட்டின் 14ஆவது பதிப்பை வைத்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறும்போது, பழையதை அழித்துவிடுவோம் என்று ஒப்பந்தப்படி ஏற்றுக்கொண்டுதான் விலைக்கழிவில் புதியதை வாங்கியது. ஆனால் பழைய சீடிகளை அழிக்காமல் விற்றுவிட்டது. வாங்கியவர் அவற்றை ஈபேயில் ஏலத்துக்குப் போட்டார். ஓட்டோகேட்டைத் தயாரிக்கிற ஓட்டோடெஸ்க் கம்பனி எதிர்த்தது. 2010 செப்டெம்பரில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த நிறுவனத்துக்கு ஓட்டோடெஸ்க் கொடுத்தது பாவிக்கும் அனுமதியை மட்டும்தான், மென்பொருளை விற்கவே இல்லை, ஆகவே அந்த நிறுவனத்திடம் விற்பதற்கு எதுவும் இருக்கவில்லை என்று முடித்தது.

சேவேயர் நல்ல மனதோடுதான் தருகிறார் என்று நம்புகிறேன். ஆனால் ‘புதிய பதிப்புக்கு மாறிவிட்டேன்’ என்று அவரே சொல்லிவிட்டாரே, சிக்கல் அங்கேதான். பழையதைக் கைமாற்றும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்பதை அவருடைய ஒப்பந்தம்தான் சொல்லும், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்லும். ஓட்டோகேட்டை நிரந்தர லைசன்ஸாக விற்பதை ஓட்டோடெஸ்க் 2016 ஜனவரி 31ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. ஆகவே அந்த சீடி அதற்கும் முந்தியதாகத்தான் இருக்கும். தம்பிக்கு இரண்டு வழி. வேலை வருகிற மாதங்களுக்கு மட்டும் ஓட்டோகேட்டின் எளிய பதிப்பான ஓட்டோகேட் எல்.டி.யை மாதச் சந்தாவில் எடுக்கலாம், அந்தச் செலவை பிளான் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் லிப்ரேகேட் போன்ற இலவச மென்பொருளில் தட்டை வரைபடங்களைப் போட்டுப் பழகலாம். ஓட்டோகேட் கோப்புகளைத் திறப்பதில் அதற்கு மட்டுப்பாடு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு இறங்கட்டும். மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற ஓட்டோகேட்டை வைத்து ஊருக்கு பிளான் வரைந்து காசு வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம். கம்பஸில் படிக்கிற சிநேகிதனின் கணக்கில் ஏற்றிக் கொடுப்பது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது, ஆனால் அந்த லைசன்ஸ் படிப்புக்கு மட்டும்தான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் புத்தகம் போல ஒரு படைப்பாகவே பாதுகாக்கிறது. அதன் 178ஆம் பிரிவு உங்களைப் போல வியாபாரம் செய்கிறவர்கள் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டியது. தன்னிடம் இருக்கும் மென்பொருள் இன்னொருவரின் உரிமையை மீறுகிறது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, அதை வேண்டுமென்றே வியாபார இலாபத்துக்குப் பாவித்தால் குற்றம். நீதவான் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டையுமோ விதிக்கலாம். ‘நம்பக் காரணம் இருந்தும்’ என்ற இடத்தைக் கவனியுங்கள். பெயரில்லாத ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சாவிக்கு, பில்லும் இல்லாமல், தனி ஆளின் வங்கிக் கணக்கில் காசு போட்டுவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வது கஷ்டம்.

சரி, அந்த ஒபிஸ் 2019.

பத்துப் பேருக்கான லைசன்ஸ் என்றால் அது கம்பனிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிற வொலியூம் லைசன்ஸாகத்தான் இருக்க வேண்டும். கடையில் பெட்டியில் வாங்குகிற ஒபிஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். வொலியூம் ஒப்பந்தத்தில் லைசன்ஸ் அந்தக் கம்பனியின் பெயரில், ஓர் ஒப்பந்த இலக்கத்தின் கீழ், மைக்ரோசொஃப்ட்டின் பதிவேட்டில் இருக்கும். காசு முழுக்கக் கட்டி முடிந்த நிரந்தர லைசன்ஸை இன்னொருவருக்கு மாற்ற ஒரு நடைமுறை உண்டு. ஆனால் அது வழக்கமாக ஒரு கம்பனி இன்னொன்றோடு இணையும்போது, ஒரு பகுதியைப் பிரித்து விற்கும்போது, துணைக் கம்பனிக்குப் போகும்போது என்று குறிப்பிட்ட சந்தர்ப்பங்களுக்கு. அதற்கென்று ஒரு படிவம் நிரப்பி அறிவிக்க வேண்டும். ஊரில் போகிற வருகிறவருக்கெல்லாம் நாலும் ஆறுமாக விற்பதற்காக அந்த வழி வைக்கப்படவில்லை. புத்தகம் இல்லாத முச்சக்கர வண்டியை வாங்குவது மாதிரிதான் இது. ஓடும், பாதையில் மறிக்கும் வரைக்கும்.

புரோக்கர் ‘சாவி வேலை செய்யும், போட்டுக் காட்டுகிறேன்’ என்பார். நிச்சயமாக வேலை செய்யும். வொலியூம் சாவியில் இரண்டு வகை. ஒன்றில் இத்தனை தடவை ஏற்றலாம் என்ற எண்ணிக்கை இருக்கும், எம்.ஏ.கே. என்பார்கள். பத்துப் பேருக்கு வாங்கிய சாவி பதினோராவது கணினியிலும் சில வேளை ஏறிவிடும். இன்னொன்று கே.எம்.எஸ். கம்பனியின் உள்ளேயே ஒரு சேர்வர் இருந்து அனுமதி கொடுக்கும். ஒரு தடவை கொடுத்த அனுமதி 180 நாளுக்குத்தான், அதற்குள் திரும்பவும் அந்த சேர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பாவித்த லெப்டொப் வாங்குகிறவர்கள் ஏழாவது மாதம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான். வாங்கும்போது எல்லாம் ‘அக்டிவேட்’ ஆகித்தான் இருந்தது.

அந்தக் கம்பனியின் பத்துக் கணினியும் இப்போது எங்கே? மூடுகிற கம்பனி கணினிகளையும் விற்கத்தானே செய்யும். ஒபிஸை நீக்காமல் இன்னொருவருக்கு விற்றுவிட்டால் ஒரே லைசன்ஸ் இரண்டு இடத்தில் ஓடுகிறது. ஐரோப்பிய நீதிமன்றமே அதை ஏற்றுக்கொள்ளாது என்பதை மேலே பார்த்தோம்.

கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதும் முக்கியம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு கம்பனியைக் கலைக்கத் தொடங்கி கலைப்பை நடத்தும் லிக்குவிடேட்டரை நியமித்துவிட்டால், சொத்துகளை விற்கும் அதிகாரம் அவருடைய கையில். பழைய பணிப்பாளர் கொடுக்கிற கடிதத்துக்கு அப்போது மதிப்பில்லை. புரோக்கரின் கடிதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனையும் சரியாகவே இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒபிஸ் 2019க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. ஊராருடைய அடையாள அட்டை இலக்கம், சம்பளம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் வைத்திருக்கிற ஓர் அலுவலகம் 72,000 ரூபா கொடுத்து அப்படி ஒரு பதிப்பை வாங்குவது வீண். ஒபிஸ் 2021க்கு ஆதரவு 2026 ஒக்டோபர் 13 வரை, ஒபிஸ் 2024க்கு 2029 ஒக்டோபர் 9 வரை. மலிவு விலையைப் பார்க்கும்போது இந்தத் திகதிகளையும் பக்கத்தில் எழுதிவைத்துப் பாருங்கள்.

ஆனால் புரோக்கரை முற்றாக விரட்டிவிட வேண்டாம். அந்தக் கம்பனியின் கணினிகளை விலை கேளுங்கள். அலுவலகக் கணினிகளில் விண்டோஸ் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வரும், ஓ.ஈ.எம். என்பது அதுதான். அந்த லைசன்ஸ் கணினியோடு ஒட்டியது. கணினி கைமாறினால் அதுவும் சேர்ந்து சட்டப்படி கைமாறும், தனியாகப் போகாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து சாவி மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் ஸ்டிக்கரில் இலக்கத்தைத் தேட வேண்டியதும் இல்லை. விண்டோஸ் 10க்கும் அதே 2025 ஒக்டோபர் 14இல் ஆதரவு முடிந்துவிட்டது, ஆகவே விண்டோஸ் 11க்குப் போகக்கூடிய கணினியாகப் பாருங்கள். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. இந்த இரண்டும் இருந்தால் விண்டோஸ் 10இலிருந்து 11க்குச் செலவில்லாமல் மாறலாம். அப்போது 2,500 ரூபாச் சாவியைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வராது.

வாங்கும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஆங்கில எழுத்தில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டி டி.எல்.ஐ. என்று அடித்து என்டர் தட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் வருகிற அறிவிப்பில் ஓ.ஈ.எம். என்றிருந்தால் நல்லது. ரீடெய்ல், அதாவது கடையில் தனியாக வாங்கியது, என்றிருந்தால் அதை வாங்கிய பில்லைக் கேளுங்கள். வொலியூம் என்றோ கே.எம்.எஸ். என்றோ இருந்தால், கணினி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விண்டோஸ் இல்லாத கணினியாகவே விலை பேசுங்கள். வொலியூம் விண்டோஸ் என்பது ஏற்கனவே ஒரு முறையான விண்டோஸ் இருக்கிற கணினியை மேம்படுத்துவதற்கான லைசன்ஸ்தான், தனித்து நிற்காது.

அந்த 2,500 ரூபாச் சாவிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பீர்கள். பெரும்பாலும் யாரோ ஒரு கம்பனியின் வொலியூம் சாவி, அல்லது பாடசாலைகளுக்கும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் சலுகையில் கொடுத்தது. ஒரே சாவி பலருக்கு விற்கப்படும். உற்பத்தியாளர் முடக்கினால் விற்றவரின் பக்கம் அதற்குள் காணாமல் போயிருக்கும். சாவியே இல்லாமல் ‘அக்டிவேட்டர்’ ஓட்டித் தருகிற கடைகள் இதைவிட மோசம். கே.எம்.எஸ்.பிகோ என்று பெயர் சூட்டிய நிறுவிகளோடு கடவுச்சொல் திருடும் நச்சு நிரலும் சேர்ந்து வந்தது 2021இலேயே வெளிச்சத்துக்கு வந்தது. அப்படி ஒரு கணினியில் உட்கார்ந்து வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கென்றால் மனம் வராது.

ஒபிஸுக்கு என்ன செய்வது? எட்டுக் கணினிக்கும் மைக்ரோசொஃப்ட் ஒபிஸ் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். தொழிற்சாலைகளிலிருந்து வருகிற எக்செல் கோப்புகளில் மெக்ரோ, அதாவது தானாக ஓடுகிற கட்டளைத் தொகுப்பு, இருந்தால், அவற்றைக் கையாளுகிற இரண்டு மூன்று பேருக்கு எக்செல் இல்லாமல் சரிவராது. அவர்களுக்கு மட்டும் ஒபிஸ் 2024 ஹோம் அண்ட் பிஸ்னஸ் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். ஒரு தடவைக் காசுதான், சந்தா இல்லை. பழைய பதிப்புகளில் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது வீட்டுப் பாவனைக்கு, அலுவலகத்தில் போட முடியாது. கடிதம் அடிக்கிறவர்கள், பில் பதிகிறவர்கள், நேர அட்டை ஏற்றுகிறவர்கள் ஆகியோருக்கு லிப்ரே ஒபிஸ் போதும். இலவசம், வியாபாரத்திலும் தடையில்லாமல் பாவிக்கலாம், இடைமுகத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். முதல் மாதம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

பிற்காலத்தில் யாராவது உண்மையிலேயே பெட்டியில் வாங்கிய ரீடெய்ல் லைசன்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தால் யோசிக்கலாம். விண்டோஸ் ரீடெய்ல் லைசன்ஸை முதலில் வாங்கியவர் இன்னொருவரின் கணினிக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தமே இடம் தருகிறது. அப்போது முதல் கொள்முதலின் பில், இன்ன திகதியில் என் கணினியிலிருந்து நீக்கிவிட்டேன் என்று கையெழுத்திட்ட கடிதம், உங்கள் பெயருக்கு ஒரு பற்றுச்சீட்டு, மூன்றும் வாங்குங்கள். விற்கிறவர் பெறுமதி சேர் வரிக்குப் பதிந்த கம்பனி என்றால் 18 சதவீத வரி காட்டிய வரிப் பட்டியலைத் தர வேண்டும். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாங்குவதையெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் பதிந்து வையுங்கள்: எந்தக் கணினி, எந்த லைசன்ஸ், எந்தக் கடை, எந்தப் பில். கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது விற்கிற பக்கம். விண்டோஸ் 10 உடன் வந்த இரண்டு லெப்டொப்பையும் ஸ்டிக்கரைக் கிழிக்காமல், அப்படியே விற்றுவிடுங்கள். ஆதரவு முடிந்ததை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள், விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒபிஸை நீக்குங்கள், உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பிறகு செட்டிங்ஸில் எல்லாவற்றையும் அழித்து மீளமைக்கும் வழியைத் தெரிவு செய்து, வட்டைத் துப்புரவாக்கு என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று கொடுங்கள். சாதாரணமாக அழித்தால் கோப்புகளைத் திரும்ப எடுத்துவிடலாம். கொழுந்து பறிக்கிறவர்களின் சம்பளப் பட்டியலும் அடையாள அட்டை இலக்கமும் யாரோ ஒருவரின் கைக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. அதற்கென்றே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது.

செத்த இரண்டிலும் உள்ள விண்டோஸ் 7 லைசன்ஸ், அந்த மதர்போர்டோடு செத்துவிட்டது. முன்பு அந்த மாதிரிச் சாவியைப் போட்டு விண்டோஸ் 10ஐ எழுப்பலாம் என்று ஒரு பழக்கம் இருந்தது. 2023 செப்டெம்பரில் மைக்ரோசொஃப்ட் அந்த வழி மூடப்பட்டதாக அறிவித்துவிட்டது. ஸ்டிக்கரை உரித்து விற்கிறவரிடம் கொடுத்தால் அவர் வேறு எதற்கோ பாவிப்பார், வம்பு உங்கள் அலுவலகத்தின் பெயரில் வரும். பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் இரண்டின் ஹார்ட் டிஸ்கையும் கழற்றி எடுத்துவிடுங்கள். நினைவகத் தட்டுகளும் சார்ஜரும் தனியாக விலை போகும், அதில் ஏதாவது பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் புரோக்கர் அடுத்ததாக அதைத்தான் கொண்டுவருவார். மூடுகிற கம்பனியின் சம்பளப் பட்டியல் மென்பொருள், ‘முப்பதாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன்’ என்று. உள்நாட்டில் எழுதின மென்பொருளைக் கைமாற்றுவது வெளிநாட்டுக் கம்பனியோடு மல்லுக்கட்டுவதைவிட இலேசு, எழுதியவரையே தொலைபேசியில் பிடிக்கலாம். உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதாகவும் வருடாந்தப் பராமரிப்பு என்ன விலை என்றும் அவரிடமிருந்து எழுத்தில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பராமரிப்பு நின்றுபோன சம்பள மென்பொருளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 2025 ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து வருமான வரியின் தனிநபர் கழிவு ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாகிவிட்டது, அதாவது மாதம் 150,000 ரூபா வரை சம்பளத்தில் வரி பிடிக்கக் கூடாது. புரோக்கர் காட்டுகிற கணினியில் 150,000 ரூபாச் சம்பளத்தில் ஓர் ஆளைப் பதிந்து பட்டியலை ஓட்டிப் பாருங்கள். வரிப் பத்தியில் பூச்சியம் தவிர வேறு ஏதாவது வந்தால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.